சிவப்பு கருப்பாகத்தான் விழும்

அன்றைக்குக் கடையின் உள்ளறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். கடை முதலாளி ஜெபமணி அண்ணாச்சி, காயல்பட்டினத்திலிருந்து வந்திருந்த கதீஜா அக்கா, அவர் கணவர் சுலைமான் பாய், கேசட் ஓட்டும் டெக்குக்கும் கணினிக்கும் நடுவே ஸ்டூலில் நான். கதீஜா அக்காவின் தங்கை ஆமினா வரவில்லை. அந்த வீடியோ கேசட்டில் இருந்த நிறம் யாருக்கு வேண்டியிருந்ததோ, அவர்தான் வரவில்லை.

பேட்டை ஐ.டி.ஐ.யில் எனக்குப் பின்னால் படித்த பையன்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு ஒருவனாவது அதில் கேட்டுவிடுகிறான்: “அண்ணே, பழைய கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்துதேன், படம் கருப்பு வெள்ளையா வருது. என்ன செய்ய?” ஒவ்வொரு முறையும் இரண்டு வரியில் பதில் போட்டுவிடுவேன். போன வாரம் கேட்டவன், “கலர் வராட்டா என்னண்ணே, படந்தான் தெரியுதுல்லா, அப்படியே குடுத்துரவா?” என்றான். அவனுக்கு இரண்டு வரி போதாது என்று தோன்றியது.

நான் அந்தக் கேசட் தொழிலை விட்டுவிட்டேன். இப்போது மோட்டார் காயில் சுற்றும் பட்டறையில் இருக்கிறேன். முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெற்றவன் மாதிரி எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டவனுக்குச் சொல்ல வேண்டும்.

எனக்குச் சொந்த ஊர் களக்காடு. அப்பா வாழைத்தார் லோடு ஏற்றுகிறவர். அவருக்கும் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். எலெக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து வேலை தேடி அலைந்தபோது, பாளையங்கோட்டையில் ஜெபமணி அண்ணாச்சியின் கடையில் ஆள் வேண்டும் என்றார்கள். கல்யாண வீடியோ, ஞானஸ்நான வீடியோ, கோயில் கொடை வீடியோ என்று ஊரில் உள்ள பழைய கேசட்டுகள் எல்லாம் அங்கே வந்து பென் டிரைவாகிப் போகும். டெக்கைப் பிரித்துத் துடைக்கவும், பூஞ்சை பிடித்த டேப்பைச் சுற்றிச் சுற்றிச் சுத்தம் செய்யவும், அறுந்ததை ஒட்டவும் முதல் வருடத்திலேயே பழகிவிட்டேன்.

நிறம் வராத கேசட்டுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒயரைப் பார்க்க வேண்டும். மஞ்சள் முனையைப் பச்சைத் துளையில் சொருகிவிட்டால் படம் பளிச்சென்று வரும், நிறம் மட்டும் வராது. எஸ்-வீடியோ ஒயராக இருந்தால் உள்ளே இருக்கும் ஊசிகளில் ஒன்று மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிறத்துக்கென்று தனி ஊசி அது. அடுத்தது, வேறொரு நல்ல கேசட்டைப் போட்டுப் பார்ப்பது. அதில் நிறம் வந்தால் டெக்கும் ஒயரும் சரி, கோளாறு கேசட்டில் என்று அர்த்தம். பிறகு டேப்பை வாசிக்கும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். கேசட்டில் நிறம் ரொம்ப மங்கியிருந்தால் டெக்கே அதை வெட்டிவிடும். புள்ளி புள்ளியாக அழுக்கு நிறம் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமல் இருப்பது மேல் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். இதற்கு மேலும் வராவிட்டால் கவரில் ‘கலர் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். எங்கள் கடையில் வரிசை அத்துடன் முடிந்தது.

அண்ணாச்சி ஒன்றையும் அவசரமாகச் செய்ய மாட்டார். “பைய, பைய” என்பது அவர் வாயில் ஓயாது. கேசட்டை வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்துச் சுருளைப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகுதான் பெயர் கேட்பார். இந்தக் கடைக்கு முன்னால் அவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். இருட்டறையில் கருப்பு வெள்ளைப் படம் கழுவிய கை. வந்தவர் எவ்வளவு பதறினாலும் அவர் குரல் உயராது. “தெரியாது” என்று மட்டும் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. எந்தக் கேள்விக்கும் கண்ணாடியைக் கழற்றிப் பனியன் முனையில் துடைத்துவிட்டு ஒரு பதில் வைத்திருப்பார். அந்தப் பதில் அநேகமாகச் சரியாகவே இருக்கும். அதனால்தான் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

கதீஜா அக்காவும் ஆமினாவும் சுலைமான் பாயும் முதல் தடவை வந்தபோது மூன்று பேருமாகத்தான் வந்தார்கள். அக்கா, தங்கை இருவருக்குமாக ஒரே வீடு. காயல்பட்டினத்தில் வீடு பெண் பிள்ளைகளுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண்ணுக்கு ஒதுக்க வீடு இல்லையென்றால் கல்யாணப் பேச்சு நகராது. இவர்களுடைய வாப்பா சவூதியில் வேலை பார்த்து, அங்கேயே மவுத்தாகி, அங்கேயே அடக்கமானவர். பிள்ளைகள் இருவரும் சிறுமிகளாக இருந்தபோது அவர் அனுப்பிய ஒரே வீடியோ கேசட் அது. வீட்டை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று ஒரு தாளில் வரைந்து, அதைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டியிருக்கிறார். அந்தத் தாளைக் கரையான் தின்றுவிட்டது. உம்மா இருந்த வரைக்கும், பாகத்தைப் பற்றி யார் கேட்டாலும், “வாப்பா கேசட்டுல சொல்லியிருக்காக, அதுக்குள்ள இப்ப என்ன அவசரம்” என்று வாயை அடைத்துவிடுவாராம். ஒரு நாள் அவரும் திடீரென்று போய்விட்டார். வீட்டில் இருந்த டெக் அதற்கு முன்பே கெட்டுப்போயிருந்தது. சின்ன வயதில் பார்த்தது இருவருக்கும் நினைவில் இல்லை.

ஆமினாவின் கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் ரஹ்மத்துக்கு மாப்பிள்ளை பேசி, ஏறக்குறைய முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒன்றுதான்: பெண்ணுக்கு எந்தப் பாகம்? தெருவாசல் உள்ள முன்பாகம் என்றால் மேலே மாடி எடுத்து மகளுக்குக் கொடுக்கலாம். பின்பாகம் ஒடுக்கம். கிணறும், பெண்கள் போய்வருகிற முடுக்குச் சந்தும்தான் அந்தப் பக்கம். மாடி தாங்கும் சுவர் அங்கே இல்லை. ஜமாஅத் பெரியவர்கள் இருவரையும் கூப்பிட்டு, வாப்பா சொன்னபடியே செய்துகொள்ளுங்கள், கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

போட்டோம். படம் ஆடாமல் நின்றது. பேச்சு நேற்றுப் பேசியது போலத் தெளிவாக இருந்தது. வாப்பா கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார். சின்ன மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “முடுக்குல விளையாடாத, தேள் கெடக்கும்” என்றார். பிறகு தாளை எடுத்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்தார். “பச்சை போட்டது ஆமினாவுக்கு. சிவப்பு போட்டது கதீஜாவுக்கு. பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது.”

தாளில் வீடு இரண்டாகக் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருந்தது. முன்பாகம் அடர்ந்த சாம்பல். பின்பாகம் வெளிறிய சாம்பல். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை.

ஒயரை மாற்றினேன். இன்னொரு கேசட்டைப் போட்டேன். அதில் மணப்பெண்ணின் சேலை அரக்கு நிறத்தில் வந்தது. ஹெட்டைத் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். அதே சாம்பல்.

“நிறம் செத்துப்போச்சு” என்றார் அண்ணாச்சி.

“நிறம் மங்கின டேப்புன்னா படமும் சேர்ந்து கெட்டிருக்கும் அண்ணாச்சி. இது படம் சுத்தமா இருக்கே” என்றேன்.

“சிலது அப்படித்தாம்லே.”

சுலைமான் பாய் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “அண்ணாச்சி, நீங்க கருப்பு வெள்ளைப் படத்துலயே கிடந்த ஆளு. இதுல எது சிவப்பு, எது பச்சைன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்தார். “சிவப்பு கருப்பாத்தான் விழும் பாய். கூரைச்சேலை கட்டின பொண்ணைப் படம் எடுத்தா, கழுவிப் பாக்கும்போது கருப்புச் சேலை கட்டின மாதிரி இருக்கும். பொண்ணு வீட்டுக்காரங்க எங்கூடச் சண்டைக்கே வந்திருக்காங்க. பச்சை அப்படி இல்ல, வெளிறித்தான் விழும். நான் எத்தனை படம் கழுவியிருக்கேன்.”

“அப்ப முன்பக்கம் சிவப்பு.”

“அப்படித்தான் தெரியுது.”

ஆமினா திரையில் அசையாமல் நின்ற வாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, சிவப்புலயும் வெளிறினது உண்டுல்லா? பச்சையிலயும் கறுத்தது இருக்கே” என்றார்.

அண்ணாச்சி சிரித்தார். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை, வந்தவர்களை இலேசாக்க அவர் எப்போதும் சிரிக்கிற சிரிப்புதான். “ஏம்மா, ஒங்க வாப்பா வீட்டை எழுதி வைக்கதுக்கு ரோஸ் கலரா போட்டிருப்பாரு?”

சுலைமான் பாயும் சிரித்துவிட்டார். ஆமினா அதற்குமேல் கேட்கவில்லை. கதீஜா அக்கா தங்கையின் முந்தானையைச் சரிசெய்துவிட்டு, “சரி, எழும்பு. பஸ்ஸுக்கு நேரமாகுது” என்றார். கவரில் நான் ‘கலர் இல்லை’ என்று எழுதினேன். முந்நூற்றைம்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, திருநெல்வேலிக்கு வேறு வேலையாக வந்த சுலைமான் பாய் கடைக்கும் வந்தார். கையில் ஒரு டப்பா தம்மடை. ரவையில் செய்யும் காயல்பட்டினத்துப் பலகாரம். “ஒங்க வார்த்தைய ஜமாஅத்துல சொன்னோம். தொழில் தெரிஞ்சவர் சொன்னா சரின்னுட்டாங்க. நடுவுல சுவர் எழுப்பியாச்சு” என்றார். ரஹ்மத்தின் கல்யாணம் எப்போது என்று அண்ணாச்சி கேட்டார். பாய் டப்பாவின் மூடியைத் திறந்து எங்கள் பக்கம் நகர்த்தினார். “அது விட்டுப் போச்சு. பின்பாகம்னதும் அவுக வேற இடம் பாத்துட்டாக. அதனால என்ன, பிள்ளைக்கு வேற மாப்பிள்ளை வராமலா போயிரும்.”

மாப்பிள்ளை வந்தார். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். வீடு கேட்காத இடமாகத் தேடியதில் அகப்பட்டவர். முதல் தாரம் இறந்து, ரஹ்மத்தைவிட இரண்டு வயது குறைந்த மகன் இருந்தவர். அவளைத் தன்னுடைய ஊருக்கு, ஈரோட்டுப் பக்கம், கூட்டிக்கொண்டு போய்விட்டார். வீடு கொடுக்க இயலாத பெண் அப்படித்தான் ஊரைவிட்டுப் போவாள். மகள் போனதும் ஆமினா பின்பாகத்தைப் பூட்டினார். மேலப்பாளையத்தில் வாடகைக்கு ஓர் அறை எடுத்து, பீடி சுற்றப் போய்விட்டார்.

அடுத்த வருடம் மேலப்பாளையத்திலிருந்தே ஒருவர் கேசட் கொண்டுவந்தார். கேசட்டோடு ஒரு டெக்கையும் தோளில் சுமந்து வந்தார். “இது வாப்பா சவூதில இருந்து கொண்டாந்தது. அங்கன எடுத்த கேசட்டு இதுல போட்டாத்தான் கலர் காட்டும்னு சொல்லுவாக.” எங்கள் டெக் நன்றாகத்தானே ஓடுகிறது என்று நினைத்து, முதலில் அதிலேயே போட்டேன். ஆடாத படம், தெளிந்த பேச்சு, நிறம் இல்லை. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது.

அவருடைய டெக்கைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நகத்தால் தள்ளுகிற அளவில் ஒரு சின்ன சுவிட்ச். நமது ஊரில் வீடியோவில் நிறத்தை ஏற்றுகிற முறை ஒன்று, அந்தக் காலத்தில் சவூதியில் இருந்த முறை வேறு. அதன் பெயர் சீகாம். படத்தை இரண்டு டெக்கும் ஓட்டும். ஆனால் அந்த முறையில் பதிந்த நிறத்தை நம்முடைய டெக்கால் வாசிக்க முடியாது. வாசிக்க முடியாததை அது இல்லை என்று காட்டும். கேசட்டை அந்த டெக்கில் விட்டு, சுவிட்சைத் தள்ளினேன். அப்போதும் கருப்பு வெள்ளைதான். கணினியில் படம் ஏற்றுகிற மென்பொருளைத் திறந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் தொடாத ஒரு பட்டியல் அதில் இருந்தது. அதிலும் சீகாமைத் தேர்ந்தெடுத்தேன். திரை ஒரு முறை இருண்டு தெளிந்தது. மணல், நீலக் கார், சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணி.

அவருக்குக் கேசட்டை முடித்துக் கொடுத்து, டெக்கை மட்டும் சில நாள் இரவல் கேட்டு வைத்துக்கொண்டேன். அண்ணாச்சியிடம் போய் நின்றேன்.

“அண்ணாச்சி, காயல்பட்டினத்து டேப்புல நிறம் சாகல. நம்ம டெக்குக்கு அதை வாசிக்கத் தெரியல.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். “போனைப் போடு.”

“சுவர் எழுப்பியாச்சு அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம்…”

“போனைப் போடுலே இசக்கி.”

அப்படித்தான் நாங்கள் நால்வரும் அன்றைக்குக் கூடினோம். ஆமினாவுக்கும் சொல்லியிருந்தோம். மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டை பக்கம்தான், அவர் வந்திருக்கலாம். “பீடிக்கு இலை ஊற வச்சிருக்காளாம்” என்றார் கதீஜா அக்கா.

சுலைமான் பாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. “முடிஞ்ச காரியம் அண்ணாச்சி. இப்ப இதைக் கிளறி யாருக்கு என்ன?”

“போடுங்க தம்பி” என்றார் கதீஜா அக்கா, கணவரைப் பார்க்காமல்.

இரவல் டெக்கில் கேசட்டை விட்டேன். வாப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டைக்கு நிறம் வந்தது. பின்சுவரில் ஒரு காலண்டர். அதில் பேரீச்ச மரங்கள். அவர் தாளை எடுத்து நெஞ்சுக்கு முன்னால் பிடித்தார்.

முன்பாகம் பச்சை. மைப்பேனாவால் அழுத்தி அழுத்திக் கோடு போட்ட, கருத்த பச்சை. பின்பாகத்துக்கு அவர் சிவப்பு மையைத் தேடியிருப்பார், கிடைத்திருக்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் பென்சிலால் தேய்த்தது போல் இருந்தது. வெளிறிய ரோஸ். வாயால் அதைச் சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தை நிறுத்தினேன்.

“டேப்பு பழசுல்லா” என்றார் சுலைமான் பாய். “பழசானா பச்சை, சிவப்பெல்லாம் எடம் மாறித் தெரியாதா?”

அண்ணாச்சி எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். ஒரு விரலைக் காலண்டர் மேல் வைத்தார். “இந்த ஓலை என்ன நிறமா தெரியுது பாய்?”

பாய் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

“ஓலை பச்சையா தெரிஞ்சா, இதுவும் பச்சைதான்.” விரலைத் தாளின் முன்பாகத்துக்கு நகர்த்தினார். பிறகு கதீஜா அக்காவின் பக்கம் திரும்பினார். “நான் சொன்னது தப்பு தாயி. எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்.”

சின்னவளுக்கு எதற்காக முன்பாகம் என்று வாப்பா கேசட்டில் எங்கேயும் சொல்லவில்லை. முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டேன்.

கதீஜா அக்கா போனை எடுத்துத் தங்கையைக் கூப்பிட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், போனை எப்போதும் சத்தமாகத்தான் வைப்பார். அதனால் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“முன்பக்கம் ஒனக்குடி.”

எதிர்ப்பக்கம் எங்கேயோ ஒரு பெண் யாரையோ வைதுகொண்டிருந்தாள்.

“கேக்குதா? பச்சைதான் கறுப்பா இருந்திருக்கு. எனக்குப் போட்டது வெளிறின ரோஸு.”

“அன்னைக்கே கேட்டேன்ல ராத்தா” என்றார் ஆமினா.

“சுவரை இடிச்சிருதேன். நீ வந்துரு.”

“வந்து?”

கதீஜா அக்கா போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு ஆமினாவே கேட்டார். “வாப்பா சட்டை என்ன கலரு?”

கதீஜா அக்கா திரையைப் பார்த்தார். “ஊதா. வெள்ளைக் கோடு போட்டது.”

“ம்” என்று சொல்லி ஆமினா போனை வைத்துவிட்டார்.

அண்ணாச்சி பணம் வாங்க மாட்டேன் என்றார். கதீஜா அக்கா கேட்கவில்லை. மேசையில் வைத்துவிட்டுத்தான் இறங்கினார். அதற்குப் பிறகு அண்ணாச்சி கடையில் அதிகம் உட்காரவில்லை. யாராவது பழைய படத்தைக் காட்டி இது என்ன நிறம், இது யார் என்று கேட்டால், “தெரியாது” என்பார். வெளிநாட்டிலிருந்து வந்த கேசட்டா என்று முதலில் கேள், கேட்காமல் டெக்கில் விடாதே என்று எனக்குச் சொன்னார். ‘கலர் இல்லை’ என்று எழுதுவதை விட்டோம். ‘எங்கள் டெக்கில் கலர் வரவில்லை’ என்று எழுதினோம். குழுவில் கேட்ட தம்பிக்கும் நான் சொல்வது அதுதான். உன் டெக்கில் வரவில்லை என்று எழுது. படத்தில் இல்லை என்று எழுதாதே.

ஆமினாவுக்கும் சேர்த்து இரண்டு பென் டிரைவ் போட்டு, நானே காயல்பட்டினத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதீஜா அக்கா பின்பாகத்துக்குக் குடிமாறியிருந்தார். சுவர் இருந்த இடத்தில் தரையில் ஒரு நீளத் தழும்பு, சிமெண்ட் வேறு நிறத்தில். முன்பாகம் காலியாகக் கிடந்தது. தெருவாசலில் பூட்டு தொங்கியது.

“சாவியை அவகிட்டக் குடுத்தனுப்பினேன் தம்பி. திருப்பி அனுப்பிட்டா. ரஹ்மத்துக்கே ஆகாத வீட்டுல நான் மட்டும் படுக்கவான்னு கேட்டாளாம்.”

நான் இரண்டு பென் டிரைவையும் நீட்டினேன். அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்குச் சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரில் அந்தத் தழும்பைப் பார்த்தபடி உட்கார்ந்தார். யாரோ கணக்குக் கேட்டது போல, தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார்.

“சுவர் கட்ட நாப்பத்திரண்டாயிரம். இடிச்சு மண் அள்ள ஒம்பதாயிரம். ஒங்க கடைக்கு ரெண்டு தடவைக்கு எழுநூறு. ஆக மொத்தம் ஐம்பத்தோராயிரத்து எழுநூறு ரூவா தம்பி.”